நான்காவது புள்ளி

1994, ஆடி வெள்ளி, இரவு.

பழைய துப்பாக்கி சேர்க்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் வந்தார். பட்டாளத்துத் துப்பாக்கியில் நெருப்புத் தட்டும் குதிரை என்ற இரும்புத் துண்டை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க ஆத்தா, துப்பாக்கி சீமையில செஞ்சது. இது மட்டும் உள்ளூரு வேலைங்க. இந்தப் புள்ளி ஆரு குத்துனதுங்க?"

"எங்கப்பாருதுங்க. வெச்சுட்டுப் போங்க, நாளைக்கு வாங்கிக்கலாம்."

கொல்லரான அப்பா, தான் செய்யும் இரும்புச் சாமானில் பிள்ளைக்கு ஒன்றாகப் புள்ளி குத்துவார். பிறந்த குழந்தை அழுவதைக் கேட்ட பிறகுதான் புள்ளி கூடும். நாங்கள் மூவர். அவர் செய்த என் அரிவாளில் மூன்று புள்ளி. இதில் நான்கு.

நாலாவது பிரசவத்தில் அம்மா செத்தாள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது என்றாள் கூட இருந்த சின்னம்மா. அம்மாவைச் சாகவிட்டவள் என்று ஐம்பது வருடமாக அவளோடு பேச்சில்லை. இன்று எதிர்வீட்டுப் படியேறி, இரும்பை அவள் மடியில் வைத்தேன்.

கண் தெரியாதவள் புள்ளிகளைத் தடவி எண்ணினாள்.

"அழுதுச்சு அம்மணி. பட்டறையில கேட்டு, கையில இருந்ததுல புள்ளி குத்திப்போட்டுத்தான் உங்கப்பாரு உள்ள வந்தாரு. இன்னொரு பொட்டப்புள்ளையான்னாரு. அப்புறம் அது அழுவுல."

அரிவாளையும் குதிரையையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மூன்றாவது புள்ளி நான். நானும் பெண்தான்.