மூன்றாவது ஸ்டேஷன்

அக்டோபர் 4

கவுண்டரில் கூட்டமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையடியில் தள்ளினார். "நூற்றாண்டு மலருக்கு நம்ம ஸ்டேஷன் சரித்திரத்தை எழுதிக் குடும்மா. நாலு பக்கம் போதும். உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கு." டிக்கெட் கிழிப்பவளுக்கு இது பெரிய விஷயம்தான்.

அக்டோபர் 7

இது முதல் ஸ்டேஷனே இல்லை! மூன்றாவது. முதலாவது துறைமுகச் சரக்குக்காக மரத்தால் கட்டியது, கடல் கொண்டுபோனது. இரண்டாவதை உள்ளே தள்ளிச் செங்கல்லில் கட்டினார்கள். அதையும் கடல் விடவில்லை. வலை காயப்போடும் இடத்தில் மணலுக்கு மேல் இரண்டு படிகள் தெரியுமே, அது அந்த ஸ்டேஷன் வாசலாம்.

அக்டோபர் 9

இரண்டாவது ஸ்டேஷனின் மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதிய கடித நகல்கள் கிடைத்தன. மூன்று கடிதங்கள். "பிளாட்பாரத்தின் கடல் பக்கம் விரிசல். அலை ஓங்கும்போது அடியில் மண் ஓடும் சத்தம்." மூன்றுக்கும் ஒரே பதில்: ஆவன செய்யப்படும். அடுத்த தாள், இறந்தவர்கள் பட்டியல். காத்திருப்போர் அறையில் பத்தொன்பது பேர். கடைசிப் பெயர் அவருடையது.

நாளைக்கு நம் பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 10

நம் பிளாட்பாரத்திலும் விரிசல் இருக்கிறது. கடல் பக்கத்து பெஞ்சுக்குப் பின்னால். என் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிறது. குனிந்து காதை வைத்தேன். சத்தம் — மண்ணா, என் நெஞ்சா?

அக்டோபர் 12

நான் சொன்னதன்பேரில் எஞ்சினியர் வந்தார். பூட்ஸ் காலால் இரண்டு தட்டு. "சிமெண்ட் பூசினா போச்சு." ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்மா."

ஒருவேளை அப்படித்தானோ?

அக்டோபர் 15

நூற்றாண்டு விழா பதினெட்டாம் தேதி காலை. மேடை பிளாட்பாரத்தின் கடல் பக்கம்தான் போடுகிறார்கள், படம் நன்றாக விழுமாம். பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். "அம்மா, நான் முன் வரிசை!" என்று மகள் குதிக்கிறாள்.

அக்டோபர் 17

மூன்று நாளாக மழை. பூசிய சிமெண்ட் பிளந்து, இப்போது முழங்கை வரை போகிறது. மாஸ்டரிடம் மறுபடி சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வீட்டுக்காரர், "உன் வேலைக்கு நீயே உலை வச்சுக்காதே" என்கிறார். காய்ச்சல் என்று மகளை நிறுத்திவிடலாம். மற்ற பிள்ளைகள்?

அக்டோபர் 18

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஒன்பதரைக்கு மைக்கை எடுத்தேன். "மழையினால விழாவைப் பள்ளிக்கூட ஹாலுக்கு மாத்தியிருக்கு. எல்லாரும் அங்கே போயிடுங்க." பொய். சுத்தப் பொய். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே குடையை விரித்தது. மாஸ்டர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு சொன்னே? கவுண்டர் சாவியை வச்சிட்டு வெளிய போ!"

மழை விட்டதும் திரும்பலாம் என்று கூட்டம் ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. பள்ளி வாசலில் நனைந்துகொண்டே நின்றேன். பத்து மணி. பத்தரை. ஒன்றும் ஆகவில்லை. ஐயோ, ஊர் சிரிக்குமே. கடவுளே, விழுந்துவிடட்டும் என்றுகூட — ஆமாம், நினைத்தேன். நான் என்ன மனுஷி?

பதினொன்று தாண்டி, லாரி கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பிளாட்பாரம் பாதி இல்லை. மேடை இல்லை. அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

மகளின் கையை விடவே முடியவில்லை. "வலிக்குதும்மா" என்றாள்.

அக்டோபர் 19

கண்ணை மூடினால் முன் வரிசை.

அக்டோபர் 24

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். திரும்ப வேலையில் சேரச் சொல்லும் உத்தரவு கையில்; கொடுக்காமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மாவால நடக்க முடியாதும்மா. நாற்காலியோட தூக்கிட்டு வந்து மேடைப் பந்தலுக்குள்ள வச்சிருந்தேன். நீ சொன்னது பொய், கூட்டம் திரும்பி வந்துடும்னு, அவங்களை மட்டும் அங்கேயே விட்டுட்டேன். அவங்கதான் கூப்பிட்டாங்க. 'அந்தப் பொண்ணு குரல்ல உயிர் பயம் இருக்குடா. என்னைத் தூக்கு'ன்னாங்க. தூக்கிட்டு ரோட்டுக்கு வந்தேன், பின்னாடி மேடை போச்சு."

உத்தரவை டீ டம்ளர் பக்கத்தில் வைத்தார். இரண்டு பேரின் டீயும் ஆறிப்போனது.