பிடித்தவன் பெயருக்கு ஒரு பக்கம்

புஜைரா
16.12.2004, வியாழன்

அன்புள்ள அருணாவுக்கு,

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி ஓடுகிறவன் பெரியவனா, தூரத்தில் தனியாக ஓடிப்போய் வந்து விழும் பந்தைப் பிடிக்கிறவன் பெரியவனா? நீ கேட்டிருக்கும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், அவருக்கு முட்டிவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, அங்கே பனியில் உனக்குச் சளி பிடிக்காமல் இருந்தால் சரி. அந்த அமெரிக்க ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பேர், காலால் உதைப்பதே அபூர்வம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து அப்பா சிரித்தார். உன் லேபில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள், புள்ளியியல் படிக்கிறவள், ஊருக்குப் புதியவள் என்று உன்னை நடுவராக்கியிருக்கிறார்கள். நான் அந்த ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஓடியவன் எத்தனை கஜம் ஓடினான் என்று எழுதுகிறார்களே, அவனுக்கு வழி திறக்க எதிரியைத் தள்ளிக்கொண்டு நின்றவன் பெயரை எங்காவது எழுதுகிறார்களா என்று கேட்டுவிட்டு நடுவராக உட்கார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இந்த வருஷத் தொழிலாளர் கேம்ப் கபடிப் போட்டிக்கு ஸ்கோர் எழுத ஆள் கிடைக்காமல், சங்கச் செயலாளரான உன் அப்பா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். ஏழு வெள்ளிக்கிழமைகள் மணலில் நாற்காலி போட்டு எழுதினேன். அவர்கள் கொடுத்த தாளில் ஒரு விசித்திரம். பாடிப் போகிறவன் தொட்டுவிட்டு வந்தால் புள்ளி அவன் எண்ணுக்கு நேரே ஏறும். பாடி வந்தவனை மடக்கிப் பிடித்தால் புள்ளி அணியின் மொத்தத்தில் ஏறும், பிடித்தவன் யார் என்று எழுத இடமே கிடையாது. பிறகு வருஷக் கடைசியில் தாளைப் பார்த்துச் சிறந்த வீரன் யார் என்று தேடுவார்கள், எப்போதும் பாடிப் போகிறவன்தான் கிடைப்பான். வேறு யார் கிடைப்பான்? நான் என் நோட்டின் பின்பக்கத்தில் பிடிகளையும் பெயர் போட்டு எழுதி வந்தேன். டேங்க் கேம்ப் அணியில் விஜயபாஸ்கர் என்று ஒரு பையன், பாடிப் போனால் மைதானமே விசில் அடிக்கும், அறுபத்தொரு புள்ளி. அதே அணியில் வீரபாண்டி, பரமக்குடிப் பக்கத்துக்காரர், பெயின்டிங் வேலை, எதிராளியின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். கபடியில் எதிராளி ஒருவனைப் பிடித்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆள் ஒருவன் உள்ளே வரலாம் இல்லையா? விஜயபாஸ்கர் இருபத்து மூன்று முறை அவுட் ஆகி வெளியே போயிருக்கிறான், அதில் பதினான்கு முறை அவனை உள்ளே கொண்டுவந்தது வீரபாண்டியின் பிடி. வெளியே உட்கார்ந்திருப்பவன் எப்படிப் பாடிப் போவான்? அதே சமயம் வீரபாண்டி வெளியே போன ஒன்பது முறையில் ஆறு முறை அவரை உள்ளே கொண்டுவந்தது விஜயபாஸ்கர்தான், அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் பதில் தெரியாது என்கிறேன்.

எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. நாளைக்குத்தான் ஃபைனல், திப்பா அணியோடு. ஆனால் சிறந்த வீரன் சான்றிதழில் விஜயபாஸ்கர் பெயர் நேற்றே அச்சாகி வந்துவிட்டது. வெறும் காகிதம் என்றால் விட்டிருப்பேன். அந்தப் பரிசோடு ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் கொடுக்கிறார்கள், வீரபாண்டி மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. சான்றிதழின் கீழே ஸ்கோர் எழுதியவர் கையெழுத்துக்கு ஒரு கோடு. நான் போட மாட்டேன் என்றேன். சங்கத் தலைவர் மஹ்மூது பாய் போன் செய்து, டீச்சரம்மா இது கபடி, கணக்குப் பரீட்சை இல்ல, ஒரு கையெழுத்த போடுங்க, கலாஸ், முடிஞ்சுது என்றார். உன் அப்பா, ஏன் சீதா, ஜனம் விசில் அடிக்கிறது யாருக்கு, கால புடிச்சவனுக்கா, என் மானத்த வாங்காத என்றார். விசிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன், எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். இரக்கப்பட்டு வீரபாண்டிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை, ஆட்டம் முடியட்டும், இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக இவருடைய எத்தனையோ பேச்சுக்குத் தலையாட்டியிருக்கிறேன், இதற்கு முடியாது.

நீயும் அங்கே யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அதில் வெட்கம் இல்லை. காதை மூடும் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியை மட்டும் கடித்துக்கொண்டு இருக்காதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்க மார்ச்சுக்குள் எழுதிப்போட மறந்துவிடாதே.

உன் அம்மா,
சீதாலட்சுமி

17, வெள்ளி. நாளைக்குத்தான் தபால் ஆபீஸ் திறக்கும், அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். டேங்க் கேம்ப் ஒரு புள்ளியில் தோற்றது. விஜயபாஸ்கர் பதினோரு புள்ளி. வீரபாண்டிக்கு இரண்டு பிடிதான், நான்கு முறை கை நழுவியது, கடைசி நிமிஷத்தில் வந்தவனைக் கோட்டுக்கு அருகே விட்டுவிட்டார், அதில்தான் ஆட்டம் போனது. இதை மறைக்கப் போவதில்லை. மஹ்மூது பாய் சிரித்துக்கொண்டே, உங்க ஆளு கோட்டை விட்டுட்டாரே டீச்சரம்மா, இப்பவாவது போடுங்க என்றார். ஆட்டத்துக்கு முன்னால் அச்சடித்ததில் ஆட்டம் முடிந்த பிறகும் போட மாட்டேன் என்றேன். அந்தக் கோட்டில் உன் அப்பா கையெழுத்துப் போட்டார், டிக்கெட் விஜயபாஸ்கருக்குப் போனது. கேம்ப் பஸ் கிளம்பும் நேரத்தில் வீரபாண்டி வந்தார், என் பேர்ல ஏதோ பக்கம் இருக்காமே, பாக்கலாமா டீச்சர் என்றார். அப்படி ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் யாரோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கோர்ஃபக்கான் மேட்ச்சுல ஆறு இல்ல டீச்சர், ஏழு என்றார். நான் எண்ணித்தான் எழுதினேன், ஆறுதான் என்றேன். பின்னால் சான்றிதழோடு நின்றிருந்த விஜயபாஸ்கர், ஏழுதான் டீச்சர், எனக்கு நல்லா தெரியும், அந்த ஏழாவது பிடியிலதான் நான் உள்ள வந்தேன் என்றான்.

ஆறை அடித்து ஏழு என்று எழுதினேன், அவனை உள்ளே கொண்டுவந்த பதினான்கு பதினைந்து ஆனது. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தைப் போட்டு, கிழித்து, வீரபாண்டியிடம் கொடுத்தேன்.