கார்விக் பிளவின் வாயிலில் நிற்கும் பலகையை அகற்றித் தருமாறு கோரல்

அனுப்புநர்:
வே. கணேசலிங்கம்,
பலசரக்குக் கடை மேல்மாடி,
அப்பர் டூட்டிங் வீதி, டூட்டிங்,
லண்டன்.

பெறுநர்:
பார்வையாளர் அனுமதிப் பணிப்பாளர் அவர்கள்,
மலைப்பிளவுகள் பாதுகாப்பு அறக்கட்டளை,
தலைமை அலுவலகம், லண்டன்.

விடயம்: வேல்ஸ், கார்விக் பிளவின் நுழைவாயிலில் என் தம்பி அமரர் வே. பாலேந்திராவின் மரணத்தைக் குறித்து வைக்கப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகையை அகற்றுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இதே விடயமாகத் தங்களுக்கு முன்னரும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். பலகை நல்ல பலன் தருகிறது என்றும், அது வைக்கப்பட்டபின் பார்வையாளர்கள் சைரன் கேட்டதும் சுறுசுறுப்பாக ஏணியில் ஏறுகிறார்கள் என்றும் பதில் வந்தது. செத்த பின்பும் என் தம்பி தங்களிடம் சம்பளமில்லாமல் வேலை செய்வதை அறிந்துகொண்டேன். தங்கள் கைநூலின் கடைசிப் பக்கத்தில், எவரும் தமது சொந்த மொழியில் எழுதலாம் என்று தமிழிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கிறீர்கள். என் ஆங்கிலம் தங்களுக்கு விளங்கவில்லைப்போலும். ஆகவே இம்முறை தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் எதையும் மென்மைப்படுத்தாமல் அப்படியே எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2. சென்ற ஆண்டு, 1993 ஓகஸ்ட் மாத வங்கி விடுமுறையன்று, எங்கள் பழைய மாணவர் சங்கத்தினர் டூட்டிங்கிலிருந்து ஒரு கோச் பஸ் பிடித்துக் கார்விக் பிளவைப் பார்க்க வந்தோம். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுத்து, எங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்கே வந்து சேர்ந்தோம். எங்கள் ஆட்களை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள், ஆனாலும் உண்மை. காரணம் பாலேந்திராதான். விடியவே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி எழுப்பினவன் அவன்.

3. அந்த இடத்தைத் தாங்கள் அலுவலக மேசையிலிருந்து மட்டும் அறிந்திருக்கக்கூடும் என்பதால் விவரிக்கிறேன். இரண்டு செங்குத்தான பாறைச் சுவர்கள். சில இடங்களில் கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் முட்டும். சுவரோரம் தவிர, காலடியில் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு நாடா அகலம். மேலே நீர்த்தேக்கம் இருக்கிறது. அதில் மட்டம் கூடினால் மதகு திறப்பார்கள். திறக்குமுன் சைரன் ஊதும். உள்ளே இருப்பவர்கள் சுவரில் பொருத்திய இரும்பு ஏணிகளில் ஏறிவிட வேண்டும். அதற்காகவே ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் உள்ளே போகலாம் என்று தாங்கள் விதி வைத்திருக்கிறீர்கள்.

4. அன்று அந்த விதி விடுமுறையில் இருந்தது. முந்தின குழு வெளியேறுமுன் எங்களையும், எங்களுக்குப் பின்னால் நின்றவர்களையும் உள்ளே விட்டார்கள். காவலர் ஒருவர் மட்டுமே கடமையில் இருந்தார். அவரும் வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். பிளவுக்குள் தங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. இது தங்கள் விசாரணை அறிக்கையிலும் இருக்கிறது, சிறிய எழுத்தில், பின்னிணைப்பில்.

5. சைரன் ஊதியதும் நான் ஏணியில் ஏறினேன். நான் 1978இல் படிக்க வந்தவன். சைரன் என்றால் எனக்குத் தீயணைப்பு வண்டி. பாலேந்திரா 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அங்கே விமானம் குண்டு போட வருமுன் சந்தியில் சைரன் ஊதும். ஊதினால் எல்லோரும் பங்கருக்குள் இறங்க வேண்டும். பங்கர் என்பது வீட்டு வளவில் குழியாக வெட்டிய ஒடுக்கமான கிடங்கு, ஐயா. இரண்டு பக்கமும் சுவர். மேலே பார்த்தால் ஒரு துண்டு வானம். அதற்குள் குப்புறப் படுத்து, தலையைக் கையால் பொத்திக்கொண்டு, சத்தம் ஓயும்வரை எழும்பாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்துதான் என் தம்பி லண்டனுக்கு வந்து சேரும் வயதுவரை உயிரோடு இருந்தான்.

6. அவன் கார்விக் பிளவிலும் அதையே செய்தான். ஆக ஒடுக்கமான இடத்தைத் தேடிப் போய்ச் சுவரோரமாகக் குப்புறப் படுத்தான். ஏணியில் கடைசியாக ஏறியவர், எங்கள் சங்கச் செயலாளர் திருமதி செல்வமலர், திரும்பிப் பார்த்திருக்கிறார். அவன் தலையைப் பொத்திக்கொண்டே எங்களைப் பார்த்து, "அண்ணை, மேல ஏறாதேங்கோ. எல்லாரும் கீழ படுங்கோ" என்று கத்தினான். அது எனக்கும் கேட்டது. வெளியில் ஏறி நிற்பவன்தான் முதலில் சாவான் என்று அவனுக்குத் தெரியும். அவன் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

7. தங்கள் அறிக்கை இதை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். "தரையில் படுத்துக் கூச்சலிட்டு, மற்றவர்கள் வெளியேறுவதைக் குழப்பினார். மது அருந்தியிருக்கக்கூடும்." பிரேத பரிசோதனையில் மது இல்லை என்று வந்த பின்பும் அந்த வசனம் அறிக்கையில் இருக்கிறது. பாலேந்திரா ஒருநாளும் மதுவைத் தொட்டவனல்லன். அன்று கோச்சில் தொட்டவர்கள் சிலர் இருந்தோம். நாங்கள் எல்லோரும் ஏணியில் ஏறித் தப்பிவிட்டோம்.

8. சைரன் ஊதியதற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையில் ஒருவர் எழுந்து ஏறப் போதிய அவகாசம் இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் தங்கள் சைரன் தண்ணீர் வந்து சேரும்வரை ஓயவே இல்லை. ஓயாத சைரனுக்கு எழும்பக்கூடாது என்பது அவன் பழகிய சட்டம். உள்ளே ஒரு காவலர் நின்று, தோளில் கை வைத்து, "இது தண்ணீர், எழும்பு" என்று சொல்லியிருந்தால் எழும்பியிருப்பான். தோளைத் தொட ஆள் இல்லாத இடத்தில் ஒலிபெருக்கியை மாட்டிவிட்டு, அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

9. இப்போது புதிய விதி ஒன்று வந்திருப்பதாக அறிகிறேன். வெளிநாட்டுச் சமூகங்களைச் சேர்ந்த குழுக்கள் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தால்தான் அனுமதி. எங்கள் குழுவில் அந்த வேலையைத் தானாக எடுத்துச் செய்தவன் பாலேந்திராதான். கோச்சில் எழுந்து நின்று தங்கள் கைநூலை வாசித்து, "சைரன் கேட்டால் ஏணியில ஏறவேணும், விளங்கிச்சுதோ" என்று எங்களுக்குச் சொன்னவன் அவன். விதி அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சைரன் ஊதியபோது உடம்பு அவன் சொல்லைக் கேட்கவில்லை.

10. அன்று அவனுடைய மனைவி சிவகௌரி பிளவுக்குள் இறங்கவில்லை. ஊரிலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. றோல்ஸும் கட்லட்டும் அடுக்கிய பெட்டிகளோடு மேலே வாகனத் தரிப்பிடத்தில் இருந்தாள். சைரன் கேட்டதும், பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு கோச்சுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டாள். வாசலில் நின்ற தங்கள் காவலர் அதைப் பார்த்துச் சிரித்ததாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவர் சிரித்ததற்காக நான் முறையிடவில்லை. ஆனால் தன் கண்ணால் கண்டதை விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறேன். சொல்லியிருந்தால் கீழே நடந்தது என்னவென்று தங்களுக்கும் விளங்கியிருக்கும்.

11. இனிப் பலகைக்கு வருகிறேன். "சென்ற 1993 ஓகஸ்டில் ஒரு பார்வையாளர் இந்தச் சைரனைப் பொருட்படுத்தாமல் இங்கே உயிரிழந்தார். நீங்களும் அவ்வாறு நடந்துகொள்ளாதீர்கள்." பெயர் போடவில்லை, அது பண்பு என்று தங்கள் கடிதம் சொல்கிறது. ஐயா, அந்தப் பிளவில் கூடியிருந்தவர்களில் சைரனை அவனைப்போல் பொருட்படுத்தியவர் எவரும் இல்லை. நாங்கள் படமெடுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஆறுதலாக, அவசரமில்லாமல் ஏறினோம். எனக்கு இதில் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

12. சென்ற மாதம், ஆறாம் மாத மாசியத் திதி முடிந்தபின், சிவகௌரி பூப்போட வேண்டும் என்று கேட்டதால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாரிகாலம் என்பதால் பிளவு பூட்டியிருந்தது. வெளிக்கதவடியில்தான் பூவை வைக்க முடிந்தது. வைத்த இடம் அந்தப் பலகைக்கு நேர் கீழே. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இலக்கங்களை வாசித்தாள். பிறகு, "அத்தான், இதில என்ன எழுதிக் கிடக்குது?" என்று என்னைக் கேட்டாள். அவருக்குச் சைரன் கேட்கவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். வேறு என்ன சொல்ல? அவள், "அவருக்குக் கேட்டிருக்கும். மேல நிண்ட எனக்கே கேட்டதுதானே. அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கோ" என்றாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

13. ஆகவே நான் தங்களிடம் கேட்பது நட்டஈடு அல்ல. மன்னிப்பும் அல்ல. அதைத் தங்கள் சட்டத்தரணிகள் விடமாட்டார்கள் என்று தெரியும். பிளவுக்குள் ஆள் நிறுத்துவதும் நிறுத்தாததும் தங்கள் மனச்சாட்சி. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள்.

14. அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கும் சிவகௌரி தை மாதம் தொடக்கம் டூட்டிங்கில் மாலை ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். நல்ல கெட்டிக்காரி என்று ஆசிரியை சொல்கிறார். இப்போது பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். வருகிற ஓகஸ்டில் அவனுடைய முதலாவது ஆண்டு ஆட்டைத் திவசம். அது முடிந்ததும் பூவோடு மீண்டும் அந்தக் கதவடிக்குப் போவாள். மறிக்க என்னால் ஏலாது. அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கத் தேவையிருக்காது.

15. இம்மனுவின் பிரதியை நான் வீட்டில் வைத்திருக்கவில்லை. தங்கள் பதிலை மேற்படி முகவரிக்கு அனுப்பாமல், இத்துடன் இணைத்துள்ள என் வேலைத்தல முகவரிக்கு அனுப்பிவைக்குமாறு பணிவாக வேண்டுகிறேன்.

இடம்: டூட்டிங், லண்டன்
திகதி: 8 மார்ச் 1994

இவ்வண்ணம்,
பாலேந்திராவின் தமையன்,
(ஒப்பம்)
வே. கணேசலிங்கம்