இறால்கள் மேல் விழுந்த வெளிச்சம்

ஆகஸ்ட் 7, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. வீடெல்லாம் புழுதி. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.

நாளை மண்டபம் ஊரில் ஆய்வுக் கப்பல்காரர்களின் கூட்டம். என் மகள் வடிவு ஆய்வாளராகப் போயிருந்த அதே கப்பல். கடைசியில் கேள்வி கேட்கலாமாம். கேட்க வேண்டியவை:

1. கடலடி எரிமலைத் தொடரில், வெந்நீர் கக்கும் ஊற்றுகளைச் சுற்றி வாழும் இறால்களுக்கு முதுகில் ஓர் உறுப்பு உண்டு. மிக மங்கிய ஒளியை மட்டும் உணரும். பலமான விளக்கு அதைக் கெடுக்கும். தெரியுமா? (முதுகில்தானா? பழைய பாடக்குறிப்பில் பார்த்தேன். முதுகில்தான்.)
2. தெரிந்திருந்தும், நேரலையில் பளிச்சென்று தெரிய கடலடிக்கு இறக்கிய ரோபோவின் அத்தனை விளக்குகளையும் போட்டது ஏன்?
3. மங்கலில் படம் எடுக்கும் கேமரா கப்பலில் இருந்ததே?
4. விவரம் தெரிந்த இளையவர்கள் தடுத்திருப்பார்கள். வடிவு நிச்சயம் தடுத்திருப்பாள். அவள் வாயை அடைத்தது யார்?

அந்த நேரலையைப் போனில் பார்த்தது முதல் நெஞ்சு கொதிக்கிறது. வெள்ளை வெளிச்சம், திகைத்துச் சிதறும் இறால்கள், பின்னணியில் கைதட்டல். கைதட்டல்!

என் மனைவி பாக்கியத்திடம் படித்துக் காட்டினேன். "எல்லாத்தையும் எங்கிட்டயே கேட்டுட்டு, அங்கன போயி டீயக் குடிச்சிட்டு வரப்போறீக. கேட்டாலும் கேட்டு, பிள்ளை வேலைக்கு வேட்டு வச்சிராதீக."

அந்தப் பயம் எனக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருவாடானையிலிருந்து இரண்டு பஸ். ஏ.சி. அரங்கு, முந்திரி பிஸ்கட், அதே படம், அதே கைதட்டல்.

முன்வரிசை மீனவர் ஒருவர்: "ஏன் சார், அந்த இறாலு கிலோ என்னா வெலைக்குப் போகும்?" ஒரே சிரிப்பு. அவருக்கு இருந்த தைரியம்!

கை தூக்கினேன். பாதியில் காதைச் சொறிவது போல ஆகிவிட்டது. குழுத் தலைவர் பார்த்துவிட்டார். "அய்யா ஏதோ கேக்கணுமா?"

"இல்லை சார். படம் ரொம்ப நல்லா இருந்தது."

நல்லா இருந்தது! விலங்கியல் பாடம் நடத்தியவன் சொன்ன சொல்.

டீ குடிக்கவில்லை. அவ்வளவுதான் முடிந்தது.

ஆகஸ்ட் 9, சனி

மோட்டார் ரிப்பேர். கொய்யாவுக்குக் குடத்தில் தண்ணீர். நாள் முழுவதும் மனத்துக்குள் தலைவரைத் திட்டினேன். மனத்துக்குள் நன்றாகவே வருகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் வடிவு கப்பலிலிருந்து வந்தாள். கறுத்திருக்கிறாள். சாப்பிடும்போது நாலு கேள்வியையும் படித்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத மூணும் சரிய்யா. நாலாவத அடிச்சிருங்க."

"ஏன்?"

"லைட்டப் போட்டது நாந்தேன். தலைவரு பாதி போதும்னாரு. நான் முழுசையும் போட்டேன். கண்ணு முன்னால அம்புட்டு உசிரு. பாக்காம இருக்க முடியலய்யா."

"தெரிஞ்சுமா போட்ட?"

கத்திவிட்டேன். பாக்கியம் கரண்டியோடு ஓடி வந்தாள்.

வடிவு கை கழுவிவிட்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "இதை முந்தாநாளு கூட்டத்துல கேட்டிருக்கலாம்லய்யா. அடுத்த பயணத்துக்கும் அதே லைட்டுதேன். நானாச் சொன்னா, போட்டவளே பேசுறாம்பாக."

"நான் கேட்டால் உன் பேர் வருமே?"

"வரட்டும்."

தலைவரின் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். நாளை காலை பேச வேண்டும். முதல் மூன்றும் அப்படியே.

நான்காவது தவறு. இளையவர் யாரும் தடுக்கவில்லை. யாரும் அவள் வாயை அடைக்கவும் இல்லை.