மஞ்சள் பொட்டு விலாங்கு

ஜனவரி 11
கடல் வற்றிய காலை. கடற்புல்லின் மேல் நீச்சல் கண்ணாடியோடு குப்புற மிதந்தேன். அவள் வந்தாள். பழுப்பு உடம்பு முழுக்க மஞ்சள் பொட்டுகள். புல்லுக்குள் மூக்கை நுழைத்து நண்டு தேடினாள். பிறகு வாலால் மணலைத் துளைத்து, பின்பக்கமாகவே உள்ளே இறங்கினாள். கடைசியில் முகம் மட்டும். முதுகு காட்டாமல் மறைவதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

ஜனவரி 12
நாத்தனார் இவொனெச்சி சிப்பி பொறுக்கிக்கொண்டே கத்தினாள்: "அண்ணி! பாம்போட கொஞ்சினது போதும், எங்கண்ணனையும் கொஞ்சம் கவனிங்க!"
பாம்பில்லை, விலாங்கு. எத்தனை தடவை சொல்வது.

ஜனவரி 13
இங்கே ஆக்டோபஸ் பிடிக்க ஆண்கள் செத்த விலாங்கைக் கோல் முனையில் கட்டிப் பாறைப் பொந்துக்குள் காட்டுவார்கள். தன்னைத் தின்ன வந்ததென்று பயந்து அது வெளியே பாயும். என் கணவன் ஜெனிவால்டோவின் விலாங்கு அழுகிவிட்டதாம்.
"உன் புல்லுத்திட்டுல ஒண்ணு சுத்துதாமே, டீச்சர்? நாளைக்கு எடுத்துக்கறேன்."
"அதத் தொடாத."
"ஏன், பேரு வச்சிட்டியா?"
என்ன சொல்வேன்? இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நானாகக் கண்டுபிடித்தது அது ஒன்றுதான் என்றா?
"அது உன் கோல்ல தொங்குச்சுன்னா நான் சால்வடார் சிட்டிக்கு, அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 14
மணலில் முகம் இல்லை. தண்ணீர் வேறு கலங்கிக் கிடக்கு. அவன்கிட்ட கேக்கவும் பயமா இருக்கு — எடுத்துட்டேன்னு சொல்லிட்டா? துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஜனவரி 16
பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான்.
"உன்னோடத எடுக்கல. ரெண்டு நாளா பாறையில வெறுங்கோலோட நின்னு, எல்லாருகிட்டயும் கேலி வாங்கினதுதான் மிச்சம். இதுல பொட்டு வச்சுக் குடு."
வகுப்பறைக்கு வாங்கிய மஞ்சள் பெயிண்டில் வைத்துக்கொடுத்தேன்.

ஜனவரி 17
ஒரு ஆக்டோபஸும் ஏமாறவில்லை.
"ஆட்டுறது சரியில்ல போல," என்றான். கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அது எப்படி ஆடும்னே எனக்குத் தெரியாதே. செத்ததத்தான பாத்திருக்கேன்."

ஜனவரி 29
அமாவாசை. கடல் மறுபடி வற்றித் தெளிந்திருந்தது. ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருவரும் மிதந்தோம். அவள் புல்லை விலக்கிக்கொண்டு வந்தாள், அவசரமே இல்லாமல். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் மணலுக்குள் போன பிறகும் விடவில்லை.
மதியம் முட்டையும் மரவள்ளி மாவும்தான். சாப்பிடும்போது முன்கையை மேசைமேல் வைத்து வளைத்து வளைத்துக் காட்டினான்.
"இப்படியா?"
"இன்னும் மெதுவா," என்றேன்.