சொந்தக்காரர் குடியிருக்கும் வீடு

அன்புள்ள அண்ணா,

நேற்று வீட்டு வரி அலுவலர் வந்தார். வீடு உன் பெயரில் இருக்கிறதல்லவா? சொந்தக்காரர் குடியிருந்தால் குறைந்த வரி, இல்லாவிட்டால் இரண்டு மடங்காம்.

அவரைத் தெருமுனையில் கண்டதுமே அம்மா உன் சட்டை ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். "எங்க போயிடப் போறான்? இங்கதான் இருக்கான். கடைக்குப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

"அப்ப பாத்துட்டே போறேன்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்தாள். நடிப்பு என்று நினைக்காதே. உண்மையாகவே காத்திருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா."

"அண்ணன் சண்டை போட்டுட்டுப் போயிட்டாரு சார். ஒரு வருஷம் ஆச்சு" என்றேன். இந்த வீட்டில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் வரியைக் கூட்டி எழுதினார். "திரும்பக் குடிவந்தா மனு குடுங்க, பழையபடி குறைச்சிடலாம்."

அம்மா அவசரமாக எழுந்தாள். "அப்ப அவன் வந்துடுவானா சார்?"

"அது எங்க ஆபீசுக்குத் தெரியாதும்மா."

வரியை என் சம்பளத்தில் கட்டிவிடுவேன். அம்மாவின் கேள்விக்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

உன் தங்கை