அடுத்த ஆண்டுத் தேவை

மார்ச் 3

மதியத்துக்கு மேல் ஆவண அறைக்குள் வெயில் மெல்ல நகர்கிறது. நானும் அதோடு நகர்கிறேன், பாதித் தூக்கத்தில். விசாரணை மன்றத்துக்கு வரும் காகிதங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. ராணுவ முத்திரை இருந்தால் முதல் அலமாரி. இல்லாவிட்டால் ‘இதர’. அங்கே போனதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் 9

மன்றத்தில் வழக்கை நடத்தும் வக்கீலம்மா சொன்னார்: “எத்தனை பேர் செத்தாங்கன்றது இல்லம்மா கேள்வி. போர்லயும் ஆயிரக்கணக்குல சாவாங்க. அந்த இனமே இருக்கக்கூடாதுன்னு நினைச்சாங்களா, அதைக் காட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் கிடைக்கலேன்னா, போர்க்குற்றம்னு மட்டும்தான் போட முடியும்.”

செத்தவர்களில் என் அக்காவும் அவள் மகளும் உண்டு. அதை வேலையில் சேர்ந்தபோதே மன்றத்தில் சொல்லிவிட்டேன். இன அழிப்பு என்ற அந்தச் சொல் எனக்கு வேண்டும். அடம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 10

அத்தான், அக்காவின் கணவர், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “சண்டைல போயிட்டாங்க. விடேன்,” என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெண்டாட்டி, பிள்ளை — எப்படி விட முடிகிறது இந்த மனுஷனுக்கு?

மார்ச் 11

கனவு. அக்கா மகள் அலமாரிக்குள் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். “சித்தி, இங்க யாருமே வர்றதில்ல.”

மார்ச் 12

‘இதர’ அலமாரி முழுவதையும் கீழே கொட்டினேன். சுகாதார அலுவலகத் தாள் ஒன்று: குழந்தைகளுக்கான தடுப்பூசித் தேவை. எங்கள் ஆட்கள் இருந்த பதினான்கு தெருக்கள். இந்த ஆண்டு 212. அடுத்த ஆண்டு 0. இடம் மாறிப் போவோர், அதுவும் 0. ஓரத்தில் பேனாவால்: ‘இவர்களுக்கு இனித் தேவைப்படாது.’ தேதியைப் பார்த்தேன்: முதல் குண்டு விழ மூன்று மாதம் இருக்கும்போது எழுதியது.

மேலே பதிவு எண் — என் கையெழுத்து. முத்திரை இல்லையென்று ஆறு மாதம் முன்னால் நானே ‘இதர’வில் போட்டிருக்கிறேன். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். படிச்சிருக்கலாமேடி. ஒரு நிமிஷம் ஆகுமா?

மார்ச் 13, வெள்ளி

“இது ஒண்ணு மட்டும் போதாது. ஆனா மத்த காகிதமெல்லாம் இதோட சேர்ந்து பேசும்,” என்றார் வக்கீலம்மா. இன அழிப்புக் குற்றச்சாட்டு நிற்கிறது.

மார்ச் 15

வக்கீலம்மாவின் அனுமதியோடு அத்தானிடம் நகலைக் கொடுத்தேன். ஜெயித்த மாதிரி கொடுத்தேன்.

“இந்த எரநூத்திப் பன்னெண்டுல பாப்பாவும் ஒண்ணா?”

“ஆமா அத்தான்.”

அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். “குண்டுக்கு யாரையும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி நினைச்சாத்தான் சோறு இறங்குச்சு.”

மார்ச் 22

அத்தான் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். இன்றும் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.